காடு கேட்டு வந்தவர்கள்

விளக்கெண்ணெய் ஊறிய தோல் வெயிலில் சூடேறினால் ஒரு வாடை வரும். செருப்புக் கடைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிற வாடை. எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்கும் எங்கள் வீடு முழுக்க அந்த வாடைதான் இருந்தது, ஏனென்றால் மற்ற வீடுகளில் தயிர்ச்சட்டி தொங்குகிற உறியில் எங்கள் வீட்டில் ஒரு கால்பந்து தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கி, அதைப் பார்த்துக்கொண்டே விழிப்பேன். விருந்தாளி வந்தால் பிள்ளைகளுக்கு ஒரு குதூகலம் வருமே, அது எனக்கு அந்தக் கோடை முழுக்க விடாமல் இருந்தது.

எங்கள் ஊர் மீனாட்சிபுரத்துக்கும் கோபாலபுரத்துக்கும் இடையில், கேரளம் முடிகிற இடத்தில் இருந்தது. ஊர் என்று சொல்வதே கொஞ்சம் மிகைதான். அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் தெருவில் சேர்ந்து இருப்பதில்லை. அவரவர் நிலத்தின் நடுவில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு மாடு கன்றோடு தனித்தனியாக இருப்பார்கள். அந்த வீட்டுக்குச் "சாளை" என்று பெயர். மழையை நம்பி நிலக்கடலையும் சோளமும் போடுகிற மேட்டு நிலத்துக்குக் "காடு" என்று பெயர். பேருக்கு ஒரு மரம்கூட இருக்காது, ஆனாலும் அது காடுதான். எங்கள் சாளை வாசலில் நின்றால் அடுத்த சாளையில் ஆள் நடமாடுவது தெரியும், யார் என்று தெரியாது. கூப்பிட்டால் சத்தம் போய்ச் சேரும், சொன்ன சொல் போய்ச் சேராது. வீட்டுக்கு நான் ஒரே பெண், கூடப் பிறந்தவர்கள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் எருமைக் கன்றும்தான்.

அம்மாவின் பாடு இன்னும் மோசம். அவள் உடுமலைப் பக்கத்தில், சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள் இருக்கிற தெருவில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு வீட்டில் வெங்காயம் வதக்கினால் நாலு வீட்டில் தும்முவார்களாம். கல்யாணமாகி எல்லை தாண்டி இங்கே வந்தபோது, மலையாளம் தெரியாமல் அந்த ஊரில் எப்படிக் காலம் தள்ளப்போகிறாளோ என்று அவள் வீட்டில் கவலைப்பட்டார்களாம். அந்தக் கவலைக்கு அவசியமே இல்லாமல் போயிற்று, தமிழ் பேசவும்தான் இங்கே ஆள் இல்லை. அப்பா நல்லவர், ஆனால் பேச்சை விதைக்கடலை மாதிரி எடுத்து வைத்திருப்பவர். வருஷத்துக்கு ஒரு தடவைதான் அவிழ்ப்பார். அம்மா எருமையிடம் பேசுவாள், அடுப்பிடம் பேசுவாள், அரிசியில் கல் பொறுக்கும்போது கல்லைத் திட்டுவாள். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

கால்பந்துக் கிளப் எங்கள் ஊருக்கு வந்தது, மாஷ் என்று நாங்கள் கூப்பிட்டவரால். சித்தூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த மலையாள வாத்தியார் அவர்; பெட்டி படுக்கையோடு ஒரு பந்தையும் ஒரு விசிலையும் கொண்டுவந்தார். சாயங்காலம் சங்கத்தில் பால் ஊற்றிவிட்டு, வெறும் தூக்குப் போசியை ஆட்டிக்கொண்டு திரும்பிய இளவட்டங்களை மடக்கிப் பந்தைக் காலில் தள்ளிவிட்டார். கொஞ்ச நாளில் அதற்குக் "கதிரொளி கால்பந்துக் கழகம்" என்று பெயரும் ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை, "பந்துக்காரங்க" என்றுதான் சொல்வார்கள். பால் ஊற்றி முடியாமல் ஆட்டம் தொடங்காது. வெளியூர் அணி வந்து காத்துக்கொண்டிருந்தாலும் சரி, கறவை முடிந்துதான் களி. ஆட்டத்துக்கு மாஷ் சொல்கிற மலையாளச் சொல் அது.

கழகத்துக்குப் பெயர் இருந்தது, பந்து இருந்தது, மைதானம் மட்டும் இல்லை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழியை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. கார்த்திகையில் கடலை பிடுங்கியானபின் வைகாசி மழை வரைக்கும் காடுகள் சும்மாதான் கிடக்கும். பொங்கல் கழிந்ததும் ஆட்டக்காரர்கள் எல்லோரும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நடுவில் அந்தப் பந்து என்று எடுத்துக்கொண்டு ஒரு சாளைக்குப் போவார்கள். அதற்குக் "காடு கேக்கறது" என்று பெயர். காட்டுக்காரர் வெற்றிலையை எடுத்துக்கொண்டால் அந்தக் கோடைக்கு அதுதான் "பந்துக்காடு". அந்த வீட்டு உறியில்தான் பந்து. ஆட்டக்காரர்கள் மிதித்து மிதித்து மண் இறுகிப் போகும் என்பதால், முதல் மழை பெய்ததும் அவரவர் எருதுகளைப் பூட்டிக்கொண்டு வந்து அந்தக் காட்டை அவர்களே உழுது கொடுத்துவிட வேண்டும். என்ன உழுதாலும் மிதிபட்ட காட்டில் அந்த வருஷம் கடலை கொஞ்சம் இளைத்துத்தான் வரும். அதனால் ஒரு கண்டிப்பான விதி வைத்திருந்தார்கள்: ஊரில் எல்லாக் காடுகளும் ஒரு சுற்று முடிகிற வரைக்கும், ஒருமுறை கொடுத்த வீட்டை மறுபடி கேட்கக் கூடாது. நஷ்டம் ஒரே வீட்டில் விழக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணம் பின்னால் என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் முறை வந்த நாள் கண்ணிலேயே இருக்கிறது. முன்னால் தாம்பாளத்தோடு செல்வராஜ் சித்தப்பா. அவர்தான் கேப்டன், அப்பாவுக்குப் பங்காளி முறை, அதனால் எனக்குச் சித்தப்பா. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் "நங்கை" என்போம். அம்மா அவருக்கு நங்கை.

“அண்ணா, இந்த வருசம் உங்க காடு வேணுமுங்க” என்றார்.

“எது வரைக்கும்?” என்றார் அப்பா. இது கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

“மழ வாற வரைக்குமுங்க.”

“ஒழவு?”

“எங்குளுதுங்க.”

அப்பா வெற்றிலையை எடுத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா, “பொண்ணு கேக்க வந்த மாதிரியேல்ல இருக்குது” என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். எங்கள் வீட்டில் அத்தனை பேர் ஒன்றாகச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாளே மூங்கில் நட்டார்கள். கோலுக்கு மேலே குறுக்குக் கம்பத்துக்குப் பதிலாகக் கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைக்கிற பழைய வடக்கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். கோடு போட அம்மா அடுப்புச் சாம்பலைக் கூடை கூடையாக அள்ளிக் கொடுத்தாள். பாலக்காட்டுக் கணவாய்க்குள் தை மாதத்தில் வீசுகிற கிழக்குக் காற்று அதைக் கொண்டுபோய் அம்மா காயவைத்திருந்த துணியிலேயே போட்டுவிட்டது. கடைசியில் சித்தப்பா எருதைப் பூட்டி, நாலு பக்கமும் ஒற்றைச் சால் ஓட்டினார். ஆக எங்கள் மைதானத்தின் எல்லைக்கோடு என்பது ஏர் உழுத சால். பந்து வெளியே போனதா இல்லையா என்ற வழக்கே கிடையாது, போகிறவன் தடுக்கி விழுவான்.

அதற்குப் பிறகு சாயங்காலம் என்ற ஒன்று எங்களுக்கு வந்தது. அதுவரை பொழுது சாய்ந்தால் இருட்டும், அவ்வளவுதான். இப்போது பால் ஊற்றிவிட்டு ஒவ்வொருவராக வருவார்கள், போசிகளை எங்கள் வாசலில் கவிழ்ப்பார்கள், சட்டைகளை எங்கள் கொடியில் போடுவார்கள். அம்மா ஒரு பானை மோர் கலக்கி வைப்பாள். காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் கிணற்றில் போடும், யாராவது படியில் இறங்கினால் அம்மா மேலே நின்று சத்தம் போடுவாள், “டேய், பாசி வழுக்குதுடா! உழுந்து கிடந்தீன்னா உங்கம்மாளுக்கு நானாடா பதில் சொல்றது?” அவள் அப்படிக் கத்துவதைக் கேட்கவே அவர்கள் வேண்டுமென்று கிணற்றுப் பக்கம் அடிக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். யார் வீட்டு மாடு கன்று போட்டது, யாருக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள், சங்கத்தில் யார் பாலில் தண்ணீர் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று. எருமையோடு பேசுவதை அவள் விட்டுவிட்டாள். எருமைக்கு அது வருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு நாள் காலை அப்பா பால் ஊற்றப் போயிருந்தபோது நான் உறியிலிருந்து பந்தை இறக்கிக் காட்டில் உருட்டிக்கொண்டிருந்தேன். அம்மா சாணிக்கூடையோடு வந்தவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு உதை விட்டாள். பந்து காற்றில் ஏறிப் போயே போய்விட்டது. நானும் அவளும் இரைக்க இரைக்க ஓடினோம். “உங்கப்பன்கிட்டச் சொன்னே, தொலிச்சுப் போடுவேன்” என்றாள், சிரிப்பு அடங்காமல். நான் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு விதி தெரியும். மழை வந்தால் முடிந்தது. அடுத்த வருஷம் வேறு வீடு. ஊரெல்லாம் மழைக்கு வேண்டிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அடுக்குமா அது?

சித்திரையில் மழை பெய்துவிட்டது, எதிர்பார்த்ததற்கு முன்பே. கொல்லங்கோட்டுப் பக்கத்து அணியோடு கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கென்று பேசி வைத்திருந்தார்கள். மழை விட்ட மறுநாள் விடிகாலையில் சித்தப்பாவும் மற்றவர்களும் எருதுகளோடு வந்து வாசலில் நின்றார்கள். ஆட்டம் போனால் போகிறது, சொன்ன சொல்தான் பெரிது என்று முடிவு செய்திருந்தார்கள்.

அப்பா காட்டில் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார். “ஞாயித்துக்கெழம ஆட்டம் முடியட்டும். அப்பறம் ஒழுவலாம்” என்றார்.

“ஈரம் காஞ்சிருமுங்கண்ணா.”

“காயட்டும். இன்னொரு மழ பேயாதா?” என்ற அப்பா, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: “எங்கூட்டுல பேச்சுச் சத்தம் கேட்டதே இந்த நாலு மாசந்தானப்பா.”

அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்பு ஊதுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள், அடுப்பில் நெருப்பு இல்லை. அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது, அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையும் தூறல். மாஷ் குடையை மடக்கிவிட்டு, “மழை பெய்தாலும் களி உண்டு” என்று விசிலை ஊதினார். சேற்றில் ஆடி, எங்கள் ஆட்கள் தோற்றார்கள். மறுநாள் உழவு. காடு கொள்ளாத ஏர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. எல்லைச் சாலும் கோல் இருந்த இடமும் எது என்று தெரியாதபடி உழுதுவிட்டார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. சித்தப்பா உறியிலிருந்து பந்தை இறக்கித் துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, “போயிட்டு வாறமுங்க நங்கை” என்றார். அம்மா தலையை ஆட்டினாள். அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். உழுத மண்ணில் கொக்குகள் நடந்துகொண்டிருந்தன.

அடுத்த வருஷம் பந்துக்காடு மேற்கே ஒரு சாளைக்குப் போனது. காற்றோ கிழக்கிலிருந்து மேற்கே போகிற காற்று. அங்கே அவர்கள் போட்ட கூச்சலை அது இன்னும் மேற்கே தள்ளிக்கொண்டு போனதே தவிர, எங்கள் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை. “விசில் சத்தம் கேக்குதா கண்ணு?” என்பாள் அம்மா. சில நாள் கேட்கிறது என்று சொல்லிவிடுவேன். முன்பும் தனியாகத்தான் இருந்தோம். ஆனால் ஒரு கோடை முழுக்க ஆட்களோடு இருந்துவிட்டுத் தனியாக இருப்பது வேறு விஷயம்.

பிறகு மின்சாரம் வந்தது. கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளை போட்டு, மோட்டார் வைத்து, மேட்டுக்காட்டுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். தண்ணீர் வந்தால் யார் கடலையோடு மல்லுக்கட்டுவார்கள்? ஒவ்வொருவராகத் தென்னை வைத்தார்கள். தென்னை வைத்த காடு பிறகு ஒரு நாளும் சும்மா கிடக்காது. யாராவது தென்னங்கன்றை வண்டியில் ஏற்றிப் போவதைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்: காடு குறையக் குறையச் சுற்று சீக்கிரம் முடியும், எங்கள் முறை மறுபடி வரும்! யாரிடமும் சொல்லாமல் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு பொள்ளாச்சி ஹாஸ்டலுக்குப் படிக்கப் போனேன்.

ஒரு பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது எங்கள் காடு முழுக்கக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு தென்னங்கன்று.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “பந்துக்காரங்க வந்தா என்ன பண்ணுவீங்க?” என்றேன்.

“நம்ம மொறைக்கு இன்னும் எத்தனையோ வருசம் கெடக்குது” என்றாள் அம்மா. “அதுக்குள்ள மத்தவங்க காடெல்லாம் இருக்குதே. நாந்தான் அப்பாகிட்ட வெக்கச் சொன்னேன். ஊருல பாதிப் பேரு வெச்சாச்சு, நாம மட்டும் எதுக்குச் சும்மா போடோணும்?”

இரண்டு நாள் கழித்து அவர்கள் வந்தார்கள். அதே வெள்ளை வேட்டி, அதே தாம்பாளம். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முறை வராமல் எப்படி வருவார்கள்? ஆனாலும் முகம் மலர்ந்து மோர்ப்பானையை எடுக்க ஓடினாள். குழிகளைப் பார்த்ததும் சித்தப்பா வரப்பிலேயே நின்றுவிட்டார்.

“நீங்களும் வெச்சுட்டீங்களாண்ணா?” என்றார். “சுத்து முடியிலீங்க. ஆனா வேற காடே இல்லீங்க. எல்லா ஊட்டுலயும் போய்க் கேட்டோம். ஆளாளுக்கு, இன்னொருத்தர் காடு இருக்குதேன்னுதான் நெனச்சு வெச்சிருக்கறாங்க. உங்குளுது ஒண்ணு பாக்கின்னு வந்தமுங்க.”

ஊரில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நம் முறை இப்போது இல்லை, மற்றவர் காடு இருக்கிறது என்று ஒவ்வொரு வீடும் நினைத்தது. அத்தனை வீடும் அப்படியே நினைத்துவிட்டது. நஷ்டத்தைப் பங்கிட வைத்த விதியே காட்டையெல்லாம் தின்றுவிட்டது.

கூட வந்தவர்களில் ஒருவர் நிலைமையைச் சமாளிக்க, “குழிக்குள்ள பந்து உழுந்தா கோலுன்னு வெச்சுக்கலாமுங்க” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கை நீளவில்லை. அப்போது அம்மா, மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அப்பாவைக் கேட்டாள்: “புடுங்கிப் போட்டறலாமுங்களா?”

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அப்பா சரி என்றிருந்தால் அந்த நிமிஷமே இறங்கிப் பிடுங்கியிருப்பாள்.

“வேண்டாமுங்க நங்கை” என்றார் செல்வராஜ் சித்தப்பா, அப்பா வாய் திறக்கும் முன். “வெச்சுத் துளுத்தத புடுங்கக் கூடாதுங்க.” மோரைக் குடித்தார்கள், செம்பைக் கழுவி வைத்தார்கள், தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனார்கள். அதற்கு மேல் கதிரொளி கால்பந்துக் கழகம் ஆடியதாக எனக்குத் தெரியாது. கலைத்துவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கு யாரும் வரவில்லை, அவ்வளவுதான். மாஷ் மாற்றலாகிப் போனார்.

இப்போது அந்தப் பக்கம் போனால் வெயில் தரையில் விழுவதே அபூர்வம். கண்ணுக்கெட்டிய வரை தென்னை. செழிப்புக்கு ஒரு குறையும் இல்லை, அந்தத் தென்னைதான் என்னைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது. இளவட்டங்கள் பொள்ளாச்சியில் வலை கட்டின மைதானத்தில், விளக்கு வெளிச்சத்தில் பந்து ஆடுகிறார்கள். எங்கள் ஊரில் ஒரு அணி இருந்தது என்றால் அவர்கள் நம்புவதில்லை, எங்கே ஆடினீர்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். காட்ட இடம் இல்லை.

அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அம்மா மட்டும் அந்தச் சாளையில் இருக்கிறாள், கோயம்புத்தூருக்கு வா என்றால் வருவதில்லை. போன வருஷம் ஒரு நாள் சொல்லாமல் போனேன். தோப்புக்குள் நடந்து வாசலில் போய் நின்று “அம்மா” என்றதும் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். நடந்து வந்த சத்தம் கேட்கவில்லையா, காது மந்தமாகிவிட்டதா என்று கேட்டேன்.

“காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. மரம் மறைக்குது கண்ணு” என்றாள். “முன்னெல்லாம் ஆரு வந்தாலும் அங்கிருந்து நடந்து வாறதே தெரியும், பாத்துக்கிட்டே நிக்கலாம். இப்ப வாசல்ல வந்து நின்னப்பறந்தான் தெரியுது.”

தென்னை வைத்ததில் அம்மாவுக்கு ஆட்டம் மட்டும்தான் போயிற்று என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஒருவர் வருகிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரமும் போயிருக்கிறது. அது தெரிந்த பிறகு, பேருந்தை விட்டு இறங்கியதுமே நான் குரல் கொடுக்கத் தொடங்கிவிடுகிறேன். “அம்மா, வந்துக்கிட்டிருக்கறேன்! அம்மா, வாய்க்காலத் தாண்டிட்டேன்!” என்று தோப்பு முழுக்கக் கத்திக்கொண்டே நடக்கிறேன். தேங்காய் போடுகிறவர்கள் மரத்து மேலிருந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.